அரசவை உருவப்படம் என்றால் என்ன? வெலாஸ்கெஸை முன்வைத்து ஓர் அறிமுகம்

ஓர் அரசர் எப்படி இருப்பார் என்பது 17-ஆம் நூற்றாண்டில் அவருடைய குடிமக்களில் மிகச் சிலருக்கே தெரியும். நாணயத்தில் பொறித்த பக்கவாட்டு முகமோ, எங்கேனும் ஒரு மண்டபத்தில் மாட்டியிருக்கும் ஓவியமோதான் மற்றவர்கள் கண்ட அரசர். ஆகவே அரசவையில் தீட்டப்பட்ட உருவப்படத்துக்குச் சுவரை அலங்கரிப்பதைத் தாண்டிய அலுவல்கள் இருந்தன. தூதர்களின் சுமையோடு சுமையாக அது அயல்நாட்டுக்குப் பயணம் போனது. பெண் பார்க்கும் படலத்தில் பெண்ணுக்குப் பதிலாகத் தானே போய் நின்றது. அரசர் இல்லாத ஊரில் அரசருக்குரிய மரியாதையைப் பெற்றுக்கொண்டது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியராக ஏறத்தாழ 37 ஆண்டுகள் பணிபுரிந்த தியேகோ வெலாஸ்கெஸ் (1599–1660) தீட்டிய உருவப்படங்களை முதன்முறையாகப் பார்க்க முனையும் ஒருவர், அவற்றின் அழகைப் பற்றிக் கேள்விப்படுவதற்கு முன்பாக இந்த அலுவலைப் புரிந்துகொள்வது நல்லது என்று நினைக்கிறேன்.

வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரே சிறுமியின் படங்கள் மூன்று இருக்கின்றன. ஏறத்தாழ 1654-இல் இளஞ்சிவப்பு உடையில், 1656 வாக்கில் வெண்ணிற உடையில், 1659-இல் நீலப் பட்டில் அவள் நிற்கிறாள். நான்காம் பிலிப்பின் மகளான இளவரசி மார்கரீத்தா 1651-இல் பிறந்தவள். அதாவது மூன்று, ஐந்து, எட்டு வயதுகளில் தீட்டப்பட்ட படங்கள் இவை. ஸ்பெயின் இளவரசியின் படங்கள் ஏன் ஆஸ்திரியாவில் இருக்கின்றன என்று கேட்டால் விடை எளிது: அவளை மணக்கவிருந்தவர் அங்கேதான் இருந்தார். பின்னாளில் பேரரசரான லியோபோல்ட் அவளுடைய தாய்மாமன். மணப்பெண் எப்படி வளர்ந்து வருகிறாள், உடல்நலத்தோடு இருக்கிறாளா என்பதை வியன்னா அரண்மனை இந்தப் படங்களின் வழியாகவே அறிந்துகொண்டது. தாய்மாமன் திருமணம் நமக்குப் புதிதல்ல என்றாலும், ஸ்பெயினையும் ஆஸ்திரியாவையும் ஆண்ட ஹாப்ஸ்பர்க் குடும்பம் அதைப் பரம்பரை பரம்பரையாகச் செய்துவந்தது. நான்காம் பிலிப்பே தன் தங்கை மகள் மரியானாவைத்தான் 1649-இல் இரண்டாம் தாரமாக மணந்திருந்தார். குடும்பத்துக்கே உரிய நீண்ட தாடையும் தடித்த கீழுதடும் படத்துக்குப் படம் திரும்ப வருவதற்குக் காரணம் இதுவே. ஓவியர் ஒரே முகத்தைத் தீட்டிச் சலித்தார் என்பதில்லை.

அலுவல் இருந்தால் அதற்கு விதிமுறையும் இருக்கும். ஸ்பெயினை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் உருவப்படங்களுக்கு, வெலாஸ்கெஸ் பிறப்பதற்கு முன்பே, தீசியன், அந்தோனிஸ் மோர், சான்செஸ் கோயெயோ ஆகிய ஓவியர்கள் ஓர் அச்சை வார்த்துவிட்டார்கள். உருவம் முழு நீளத்தில், சற்றே பக்கம் திரும்பி நிற்கும். உடை பெரும்பாலும் கறுப்பு. ஒரு கை மேசையிலோ வாளின் கைப்பிடியிலோ இருக்கும். இன்னொரு கையில் கையுறையோ மடித்த தாளோ இருக்கும். முகத்தில் சிரிப்போ சினமோ தெரியாது. கிரீடமும் செங்கோலும் பெரும்பாலும் கண்ணில் படா. கழுத்திலிருந்து தொங்கும் 'தங்க ஆட்டுத்தோல்' வீரர் சங்கத்தின் பதக்கம் ஒன்றே அரச அடையாளம். அதே நூற்றாண்டின் முகலாய ஓவியர்கள் ஜஹாங்கீரின் தலைக்குப் பின்னால் பெரிய ஒளிவட்டத்தை வரைந்தார்கள். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி சில பத்தாண்டுகள் கழித்துத் தரையில் புரளும் நீல அங்கியோடு தம்மைத் தீட்டச் செய்தார். ஸ்பெயின் மன்னர் இவை எதுவும் வேண்டாதவராகக் காட்டப்பட்டார். பல கண்டங்களில் ஆட்சி செலுத்தும் ஒருவர் தாம் அரசர் என்று அடையாளம் மாட்டிக் காட்ட வேண்டியதில்லை என்பதே அதில் அடங்கியிருந்த இறுமாப்பு. நான்காம் பிலிப் பொது நிகழ்ச்சிகளில் முகத்தசை அசையாமல் அமர்ந்திருப்பார் என்று அக்காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். எனவே படத்தில் தெரியும் விறைப்பு ஓவியரின் கைக்குறை என்று எண்ணிவிடக் கூடாது; நேரில் பார்த்தவர்களுக்கும் அவர் அப்படித்தான் தெரிந்தார்.

இந்த அச்சுக்குள் வந்து சேர்ந்த வெலாஸ்கெஸ் அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர் அல்லர். தெற்கு ஸ்பெயினின் துறைமுக நகரமான செவீயாவில் பிறந்து, பிரான்சிஸ்கோ பசேகோ என்ற ஓவியரிடம் தொழில் பயின்று, 1617-இல் ஓவியர் சங்கத்தின் தேர்வில் தேறி, மறு ஆண்டே ஆசிரியரின் மகள் ஹுவானாவை மணந்துகொண்டவர். அப்போது அவர் தீட்டியவை பெரும்பாலும் அடுக்களைக் காட்சிகள்: முட்டை பொரிக்கும் மூதாட்டி, தெருவில் தண்ணீர் விற்பவர். தண்ணீர் விற்பவரின் படம் இன்று லண்டனின் ஆப்ஸ்லி மாளிகையில் இருக்கிறது. அதில் முன்னால் இருக்கும் பெரிய மண்சாடியின் பருத்த வயிற்றில், கசிந்து வழியும் நீர்த்துளிகள் வெளிச்சம் பட்டு நிற்பதைக் காணலாம். கந்தல் மேலங்கி அணிந்த அந்தக் கிழவருக்கு ஒரு பாதிரியாருக்குரிய கம்பீரத்தை இருபது வயது இளைஞர் கொடுத்திருக்கிறார். எதிரில் இருப்பது மண்பானையோ மன்னரோ, கண் ஒரே அக்கறையோடு பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அங்கேயே படிந்துவிட்டது. பின்னாளைய உருவப்படங்களின் வேர் இந்த அடுக்களைகளில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1621-இல், பதினாறு வயது நிறையவிருந்த தறுவாயில், பிலிப் அரியணை ஏறினார். அவருக்குப் பின்னால் இருந்து ஆட்சியை நடத்தியவர் ஒலிவாரெஸ் பிரபு. அவருடைய குடும்ப வேர் செவீயாவில் இருந்ததால் அந்நகரத்துக் கலைஞர்களுக்கு மாட்ரிட் கதவுகள் திறந்தன. 1622-இல் முதல்முறை தலைநகருக்குப் போன வெலாஸ்கெஸுக்கு அரசரைத் தீட்டும் வாய்ப்புக் கிட்டவில்லை. கவிஞர் கோங்கோராவைத் தீட்டிவிட்டுத் திரும்பினார். மறு ஆண்டு அழைப்பு வந்தது. 1623 ஆகஸ்டு இறுதியில் அரசர் அவர் முன் அமர்ந்தார். அக்டோபரில் மாதம் 20 டுகாட் சம்பளத்தில் அரசவை ஓவியர் பதவி உறுதியானது.

அந்தத் தொடக்க ஆண்டுகளில் தீட்டி, பிறகு அவரே திருத்திய கறுப்பு உடை அரசர் படம் இன்று மாட்ரிடின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசவை உருவப்படத்தைப் படிக்கப் பழகுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. இருபது வயதை ஒட்டிய ஓர் ஒல்லியான இளைஞர் நிற்கிறார். ஒரு கையில் மடித்த தாள்: குடிமக்களின் மனுக்களைக் கவனிக்கும் நிர்வாகி. மற்றொரு கை வாளருகே: நாட்டைக் காப்பவர். அருகில் மேசை, அதன்மேல் உயரமான தொப்பி. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக விரியும் பழைய சரிகைப் பட்டிக்குப் பதிலாக, அட்டை வைத்து விறைப்பாக்கிய எளிய வெள்ளைக் காலர். 1623-இல் அரசு ஆடம்பரத் தடைச் சட்டங்களைக் கொண்டுவந்து, பெரிய சரிகைப் பட்டிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கருவூலம் கடனில் தத்தளித்த நேரத்தில் சிக்கனத்தை அரசரே தம் கழுத்திலிருந்து தொடங்குகிறார் என்ற செய்தியை அந்தக் காலர் சொன்னது. அன்றைய பார்வையாளருக்கு அது அரசாணையைப் போலவே தெளிவாகப் புரிந்திருக்கும்.

அதே படத்தை இன்னும் நெருங்கிப் பார்த்தால் ஓவியர் மனம் மாறிய இடங்கள் தெரிகின்றன. காலம் செல்லச் செல்ல எண்ணெய் வண்ணத்தின் மேற்பூச்சு ஒளி ஊடுருவும் தன்மையைப் பெறுவதால், அவர் மறைத்துவிட்டதாக நினைத்த முதல் வரைவு மேலே எழும்பி வருகிறது. கால்களைச் சுற்றியும் மேலங்கியின் விளிம்பிலும் சாம்பல் நிழலாகப் பழைய கோடுகளை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் அரசரின் கால்கள் அகன்றும் மேலங்கி பரந்தும் இருந்தது தெரியவந்தது. திருத்திய வடிவில் பாதங்கள் நெருங்கிவந்து, உருவம் மெலிந்து, ஒரே வீச்சில் மேல்நோக்கி எழுகிறது. பொருள்கள் எதையும் கூட்டாமல், வெளிக்கோட்டை இறுக்கி இறுக்கி ஒருவருக்குக் கம்பீரம் ஏற்றுவது வெலாஸ்கெஸின் வழி. பிந்தைய படங்களிலும் அவர் பிழையை வழித்து எடுக்காமல் மேலேயே தீட்டிச் சென்றதால், பிலிப் குதிரைமேல் அமர்ந்திருக்கும் பெரிய படத்தில் குதிரைக்கு உபரிக் கால்கள் மங்கலாகத் தென்படுகின்றன.

குதிரைப் படம் என்பது அரசவை உருவப்படத்தில் தனிக் கிளை. 1634–35-இல் மாட்ரிடின் புதிய ரெத்தீரோ அரண்மனையில், அரியணை மண்டபத்துக்காக வெலாஸ்கெஸ் ஐந்து குதிரைப் படங்களுக்குப் பொறுப்பேற்றார்: அரசரின் பெற்றோர், அரசர், அரசி இசபெல், பட்டத்து இளவரசர் பல்தசார் கார்லோஸ். பெற்றோரின் படங்கள் முழுக்க அவர் கையால் ஆனவையல்ல என்பது பார்த்தவுடனே தெரிகிறது. பிலிப்பின் குதிரை முன்னங்கால்களைத் தூக்கி நிற்க, அவர் ஒற்றைக் கையால் கடிவாளத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கிறார். முரட்டு விலங்கை முயற்சியின்றி அடக்குபவர் நாட்டையும் அப்படியே நடத்துவார் என்பது ஐரோப்பா முழுவதும் புழங்கிய உருவகம். இளவரசரின் படத்தில் குட்டிக் குதிரையின் வயிறு பீப்பாயைப் போல உப்பிக் கிடக்கும். அச்சில் பார்ப்பவர்கள் இதைக் குறையாக எண்ணுவதுண்டு. அந்தப் படம் கதவுக்கு மேலே உயரத்தில் மாட்டுவதற்காகத் தீட்டப்பட்டது. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவரின் கோணத்தில் குதிரை தலைக்கு மேல் தாவி வருவதாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே வயிறு அத்தனை முன்தள்ளி நிற்கிறது. எந்த அரசவைப் படத்தைப் பார்க்கும்போதும், அது முதலில் எங்கே, எந்த உயரத்தில் தொங்கியது என்று கேட்டுக்கொள்வது பயனுள்ள பழக்கம்.

உருவப்படம் ஆளுக்கு ஈடாக நின்றது என்று சொன்னதற்கு மிகத் துலக்கமான சான்று 1644-இல் கிடைக்கிறது. கத்தலோனியக் கிளர்ச்சியை அடக்கப் படையோடு புறப்பட்ட அரசருடன் வெலாஸ்கெஸும் போயிருந்தார். பிராகா என்ற சிற்றூரில், அந்தக் களத்து உடையிலேயே, மூன்று அமர்வுகளில் பிலிப்பைத் தீட்டி முடித்தார். வெள்ளிச் சரிகை வேய்ந்த ரோஜாச் சிவப்பு மேலாடை, கையில் தளபதியின் கோல், இடுக்கில் தொப்பி. படம் உடனே மாட்ரிடில் இருந்த அரசிக்கு அனுப்பப்பட்டது. வெற்றிச் செய்தி வந்தபோது தலைநகரில் வாழ்ந்த கத்தலான் மக்கள் அதைத் தேவாலயம் ஒன்றில், பொன்னிழை வேலைப்பாடு செய்த விதானத்தின்கீழ் வைத்துக் கொண்டாடினார்கள். விதானம் அரசருக்கு மட்டுமே உரிய மரியாதை. ஊரில் இல்லாத அரசர், கித்தான் வடிவில் அங்கே வந்து அமர்ந்திருந்தார் என்றே கூடியிருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று நியூயார்க்கின் பிரிக் தொகுப்பில் உள்ள அந்தப் படத்தின் சட்டைக் கைகளைச் சற்றுநேரம் பார்க்க வேண்டும். இரண்டடி தொலைவில் நின்றால் அவை சாம்பலும் வெள்ளையுமான சிறு சிறு தீற்றல்கள். ஒன்றுகூட ஓர் இழையையோ பூவேலையையோ முழுமையாக வரைந்ததில்லை. நான்கைந்து அடி பின்னால் வந்தால் அதே தீற்றல்கள் ஒன்றுகூடி, வெயிலில் மின்னும் வெள்ளிச் சரிகையாகின்றன.

இந்த உத்தியைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெலாஸ்கெஸைப் பிற அரசவை ஓவியர்களிடமிருந்து பிரிப்பது இதுதான். அவருக்கு முந்தையவர்கள் உடையின் ஒவ்வொரு முத்தையும் எண்ணி வரைந்தார்கள்; அரசரின் செல்வத்துக்கு அது கணக்குப் பட்டியல். வெலாஸ்கெஸும் செவீயா நாட்களில் கெட்டியான வண்ணத்தில், கூரிய விளிம்புகளோடுதான் தீட்டினார். 1628-இல் பிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் மாட்ரிட் வந்து தங்கியபோது அவரோடு பழகியதும், அரண்மனைச் சேகரத்தில் இருந்த தீசியனின் ஓவியங்களை நாள்தோறும் பார்த்ததும், 1629 முதல் 1631 வரை இத்தாலியில் அலைந்து திரிந்ததும் அவர் கையை மாற்றின. அடிப்பூச்சு வெளிறியது, வண்ணம் மெலிந்து, சில இடங்களில் நெய்த நூல் தெரியும் அளவுக்கு நீர்த்தது. நீண்ட கைப்பிடி கொண்ட தூரிகைகளால், கித்தானிலிருந்து விலகி நின்றே தீட்டினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1724-இல் வெளியிட்ட பலோமினோ எழுதுகிறார். கண் ஒரு பொருளை எட்ட இருந்து பார்க்கும்போது எதை உண்மையில் பெற்றுக்கொள்கிறதோ அதை மட்டும் வைத்துவிட்டு, அங்கே இருப்பதாக நமக்குத் தெரிந்த மற்ற அனைத்தையும் அவர் விட்டுவிடுகிறார். மீதியைப் பார்ப்பவரின் கண்ணே முடித்துக்கொள்கிறது. இதைச் சோம்பல் என்று நினைப்பவர்கள் ஒருமுறை நகலெடுத்துப் பார்க்கலாம்.

விதிமுறைகள் பொருந்தாத ஒரு கூட்டமும் அரண்மனையில் இருந்தது. அரச குடும்பத்தை மகிழ்விக்கவும் இளவரசர்களுக்குத் துணையாக இருக்கவும் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட கோமாளிகளும், குள்ள உருவம் கொண்டவர்களும், மனவளர்ச்சி குன்றியவர்களும் அவர்கள். அவர்களை எப்படி நிறுத்த வேண்டும், கையில் என்ன கொடுக்க வேண்டும் என்று எவரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. வெலாஸ்கெஸ் தம் மிகத் துணிச்சலான சோதனைகளை இங்கேதான் செய்தார். பாப்லோ தெ வயதோலித் என்ற நடிகரின் படத்தில் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதற்குக் கோடே கிடையாது. காலடி நிழல் ஒன்று மட்டும் அவரை மண்ணில் ஊன்றி வைக்கிறது. 1865-இல் மாட்ரிடில் இதைக் கண்ட பிரெஞ்சு ஓவியர் மானே, பின்புலமே மறைந்துபோய் அந்த மனிதரைச் சுற்றிக் காற்று மட்டுமே இருக்கிறது என்று வியந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். செபஸ்தியான் தெ மொர்ரா என்று வழக்கமாக அடையாளம் காணப்படுபவர் தரையில் அமர்ந்து, காலணியின் அடிப்பாகம் நம்மை நோக்கியிருக்க, மடக்கிய இரு கைமுட்டிகளையும் இடுப்பில் ஊன்றி நேராகப் பார்க்கிறார். அந்தப் பார்வையைச் சந்திப்பது எளிதாக இல்லை. இதைக் கொண்டு வெலாஸ்கெஸை மனிதநேயப் போராளியாக ஆக்கிவிடும் கட்டுரைகள் நிறைய வருகின்றன, அது மிகை. அரண்மனை அவர்களை வேடிக்கைப் பொருளாகவே வைத்திருந்தது, அந்த அரண்மனையின் ஊழியர்தான் அவரும். 1628-இல் அவருக்கு அனுமதிக்கப்பட்ட தினப்படி அரண்மனை நாவிதர்களுக்குத் தந்த அதே அளவுதான். ஆனால் அவர் எதிரில் இருந்தவரைக் கேலி செய்து தீட்டவில்லை, இரக்கம் கோரியும் தீட்டவில்லை என்பது படத்திலேயே தெரிகிறது.

1649-இல் அரசருக்கான சிலைகளும் ஓவியங்களும் வாங்க இத்தாலிக்கு இரண்டாம் முறை போன வெலாஸ்கெஸ், ரோமில் 1650-இல் இரண்டு பெரும் உருவப்படங்களைத் தீட்டினார். ஒன்று அவருடைய பட்டறையில் அடிமையாக இருந்த ஹுவான் தெ பரேஹாவின் படம்; அவ்வாண்டு மார்ச் 19 அன்று ரோமின் பாந்தியன் கட்டடத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. பசுமை கலந்த சாம்பல் நிற உடை, அகன்ற வெள்ளைச் சரிகைக் காலர், நெஞ்சுக்குக் குறுக்கே மடித்த கை: பிரபுக்களுக்கு உரிய தோரணை அத்தனையும் அங்கே இருக்கிறது, அடிமை என்று காட்டும் குறி ஒன்றும் இல்லை. பரேஹாவே படத்தைத் தூக்கிக்கொண்டு நண்பர்களிடம் காட்டப் போனபோது, படத்தோடு பேசுவதா ஆளோடு பேசுவதா என்று அவர்கள் தடுமாறினார்கள் என்று பலோமினோ ஒரு கதை சொல்கிறார். அதே ஆண்டு நவம்பரில் வெலாஸ்கெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஆனால் இன்னும் நான்கு ஆண்டுகள் ஊழியம் செய்த பிறகே அது செல்லுபடியாகும் என்று நிபந்தனை வைத்தார். படத்தில் தெரியும் மதிப்பையும் பத்திரத்தில் தெரியும் உரிமையாளரையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. பரேஹா பின்னாளில் தம் பெயரில் ஓவியராகத் தொழில் செய்தார். அவருடைய பெரிய ஓவியம் ஒன்று பிராடோவில் உள்ளது.

மற்றொன்று திருத்தந்தை பத்தாம் இன்னசென்ட்டின் படம். சிவப்புத் திரைக்கு முன்னால் சிவப்பு நாற்காலி. அதில் சிவப்புத் தோளங்கியும் சிவப்புத் தொப்பியும் அணிந்த, சிவந்த முகம். இத்தனை சிவப்புகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பிரித்து நிறுத்தியிருப்பதே ஓர் ஓவிய வகுப்புக்குப் போதுமான பாடம். ஆனால் பார்ப்பவர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்பது பக்கவாட்டில் நம்மை எடைபோடும் அந்தக் கண்களிடம்தான். ரோமில் தோரியா பம்பிலி குடும்பத்தின் மாளிகையில் அது இன்னமும் தொங்குகிறது. 20-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஓவியர் பிரான்சிஸ் பேக்கன் இந்தப் படத்தை வைத்து அலறும் போப்புகளின் வரிசை ஒன்றையே தீட்டினார்.

1651-இல் மாட்ரிட் திரும்பிய பிறகு அவருக்குத் தீட்ட நேரம் குறைந்துபோனது. மறு ஆண்டு அரண்மனையின் தலைமை மாளிகைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். விறகு, கட்டில், துப்புரவு, அரசர் பயணம் போகும் வழியில் தங்குமிடம் என எல்லாம் அவர் தலையில். வாழ்நாள் முழுவதிலும் அவர் தீட்டியவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 120 மட்டுமே என்பதற்கு, 1734-இல் மாட்ரிட் அரண்மனையை எரித்த தீயோடு இந்தப் பதவிகளும் காரணம். இருந்தும் இந்தப் பத்தாண்டில்தான் மார்கரீத்தாவின் படங்களும், 1659-இல் அவளுடைய தம்பி பெலிப்பே புரோஸ்பெரோவின் படமும் பிறந்தன. இரண்டு வயதுக் குழந்தையின் வெள்ளை மேலாடை மீது தாயத்துகளும் சிறு மணிகளும் தொங்குகின்றன. கண்ணேறு கழிப்பதற்காக அணிவித்தவை. வெளிறிய கை நாற்காலியின்மேல் கிடக்க, அதில் ஒரு குட்டி நாய் படுத்திருக்கிறது. பட்டத்துக்கு வாரிசு இருக்கிறான் என்று வியன்னாவுக்குச் சொல்வதே படத்தின் வேலை; அந்த வேலையை அது செய்கிறது. கூடவே அந்தக் குழந்தை நலமாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறது. 1661-இல் இளவரசன் இறந்தான்.

1656-இல் தீட்டப்பட்டு, 'லாஸ் மெனினாஸ்' (அரசவைத் தோழியர்) என்று பின்னாளில் பெயர் பெற்ற ஓவியத்தைப் பற்றி நூலகங்கள் நிறையும் அளவுக்கு எழுதிவிட்டார்கள். தொடக்க நிலையில் இருப்பவர் அதை அரசவை உருவப்படம் எப்படி உருவாகிறது என்பதன் படமாகவே பார்க்கலாம். மூன்று மீட்டருக்கும் மேல் உயரமான கித்தானில், அரண்மனை அறை ஒன்றின் நடுவே ஐந்து வயது மார்கரீத்தா நிற்கிறாள். தோழியர் இருவர், அவர்களில் ஒருத்தி சிவப்பு மண்குடுவையில் தண்ணீர் நீட்டுகிறாள். வலப்பக்கம் குள்ள உருவம் கொண்ட அரண்மனைப் பணியாளர்களான மாரி பார்போலாவும், நாயை மிதிக்கும் நிக்கோலாசித்தோவும். இடப்பக்கம் பெரிய கித்தானின் பின்புறத்தை நமக்குக் காட்டியபடி, தூரிகையும் வண்ணத்தட்டுமாக வெலாஸ்கெஸ். பின்சுவர்க் கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். அப்படியானால் அவர்கள் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள் என்று ஒரு தரப்பும், கண்ணாடியில் தெரிவது கித்தானில் உள்ள அவர்களுடைய படம் என்று மறுதரப்பும் இன்றும் வாதிடுகின்றன. எப்படியானாலும், அரசரின் உருவப்படத்தில் அரசர் கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கி, தீட்டும் ஓவியர் முழு உயரத்தில் நிமிர்ந்திருப்பதை அரசர் அனுமதித்திருக்கிறார். அரண்மனையில் அது அரசர் புழங்கும் அறையில் தொங்கியது.

அந்த ஓவியரின் நெஞ்சில் உள்ள செஞ்சிலுவை சாந்தியாகோ வீரர் சங்கத்தின் சின்னம். அவர் அதில் சேர்க்கப்பட்டது 1659-இல். ஆகவே சிலுவை பிறகு சேர்த்துத் தீட்டப்பட்டது. சங்கத்தில் சேர, உயர்குடியில் பிறந்தவர் என்பதோடு, கைத்தொழில் செய்து பிழைத்ததில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். சுர்பரான், அலோன்சோ கானோ போன்ற சக ஓவியர்களும் வந்து சாட்சியம் அளித்தார்கள். வெலாஸ்கெஸ் ஓவியத்தை விற்றுப் பிழைத்தவர் அல்லர், அரசரின் விருப்பத்துக்காகத் தீட்டியவர் என்பதே விசாரணையில் எழுந்த வாதம். அரசர், ஒலிவாரெஸ் உள்ளிட்ட மூவரின் படங்களுக்காக 800 ரியால் பெற்றுக்கொண்டதாக 1624 டிசம்பரில் அவர் எழுதிக் கொடுத்த ரசீது இன்றும் இருக்கிறது.

பிலிப்பின் முதுமைப் படங்களுக்கு அடிப்படையான முகமும் இதே காலத்தில் தீட்டப்பட்டதே. துறவு பூண்ட ஒரு பெருமாட்டிக்கு அரசர் 1653-இல் எழுதிய கடிதத்தில், ஒன்பது ஆண்டுகளாகத் தம் படம் எதுவும் தீட்டப்படவில்லை என்றும், வெலாஸ்கெஸின் மந்தகதிக்கு உட்படவும் தாம் கிழவராகிவருவதைப் பார்க்கவும் விருப்பமில்லை என்றும் காரணம் சொல்கிறார். பிறகு எப்படியோ இணங்கினார். பிராடோவில் உள்ள அந்த மார்பளவுப் படத்தில் கறுப்பு உடை, வெள்ளைக் காலர், சதை தளர்ந்த முகம், கனத்த இமைகள். வாளும் தாளும் மேசையும் போய்விட்டன. பட்டத்து மகனையும் முதல் மனைவியையும் இழந்து, போர்த்துகலையும் டச்சு மாகாணங்களையும் பறிகொடுத்த அரசர் அவர். அரசவை உருவப்படம் பதவியைக் காட்டினால் போதும் என்பது விதி. இந்தப் படத்தில் பதவி விறைப்பாகக் காலரின் மேல் நிற்கிறது, மனிதர் அதற்குள் சோர்ந்திருக்கிறார். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்து, இரண்டில் எதையும் பொய்யாக்காமல் விட்டதையே வெலாஸ்கெஸின் தலைசிறந்த சாதனையாக நான் கருதுகிறேன்.

பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி சொல்லலாம். பிராடோ, பிரிக் தொகுப்பு, பரேஹாவின் படத்தை வைத்திருக்கும் நியூயார்க் மெட்ரோபாலிடன், வியன்னா அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையதளங்களில் நல்ல படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கறுப்பு உடை பிலிப், அடுத்து பிராகா, பிறகு பரேஹா, கடைசியாக முதிய பிலிப் என்று வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றிலும் கைகள் என்ன செய்கின்றன, தரை எங்கே இருக்கிறது என்பவற்றை மட்டும் கவனித்தால்கூட ஏறத்தாழ முப்பது ஆண்டு மாற்றம் பிடிபட்டுவிடும். கீழே உள்ள பெயர்ச் சீட்டையும் படிக்க வேண்டும். வெலாஸ்கெஸ் ஒரு முகத்தைத் தீட்டியதும், மருமகன் மாசோ உள்ளிட்ட உதவியாளர்கள் அதைப் பல அரசவைகளுக்காகப் படியெடுத்தார்கள். 'வெலாஸ்கெஸ்', 'வெலாஸ்கெஸும் பட்டறையும்', 'பட்டறை' என்ற குறிப்புகளுக்கு இடையே வேறுபாடு பெரிது. அசலையும் படியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சரிகையில்தான் படி மாட்டிக்கொள்ளும். எந்த இழையை விட்டுவிடலாம் என்று தெரியாததால், படியெடுத்தவர் எல்லா இழைகளையும் வரைந்து வைத்திருப்பார்.